லூர்துமேரியை ‘அவள்’ என்றுதான் எழுதுவேன்

அம்மா இறந்த செய்தி வந்தபோது நான் வேறொருவருக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தேன். பேகம்பேட்டில் கால் சென்டர் வண்டிகளை அனுப்புகிற அறையில் எனக்குக் காலை ஷிப்ட். கொண்டாப்பூர் செந்தில் அண்ணன் போனில் அழுதார். “அம்மா போயிட்டாங்க விக்டர்” என்றார். அவருடைய அம்மா கோயம்புத்தூரில் படுத்த படுக்கையாக இருப்பது எனக்குத் தெரியும். மனசைத் தேற்றிக்கொள்ளுங்கள், இழுத்துக்கொண்டு கிடக்காமல் போனாரே என்று பெரிய மனிதனைப் போலப் பேசினேன். ஏர்போர்ட்டுக்கு எத்தனை பேர், சின்ன வண்டி போதுமா என்றும் கேட்டேன். 

“தம்பி, உங்க அம்மாப்பா.”

அவரைக் குற்றம் சொல்லி என்ன செய்வது. செகந்திராபாத் லோத்குண்டாவில் எங்கள் வீட்டு முன்னறையில் மாதாமாதம் கூடுகிற, சர்க்கார் ஹோம் பிள்ளைகளை வளர்க்கிற நீங்கள் எல்லோரும் அவளை அம்மா என்றுதான் கூப்பிட்டீர்கள். ஐ.டி. கம்பெனிக்காரர்கள், அவளைவிட நாலு வயது மூத்த பாஸ்கர் சார், எல்லோரும். முப்பதாம் நாள் பூசைக்கு அச்சடிக்கும் இந்தப் புத்தகத்துக்கு எழுதச் சொன்னபோது, ‘அவர்’ என்று மரியாதையாக எழுது என்றார்கள். நக்கோ, வேண்டாம். நீங்கள் அவர் என்று சொல்லிக்கொள்ளுங்கள். அவள் என்று சொல்ல இந்த ஊரில் ஒருவனுக்குத்தான் உரிமை. அதையாவது எனக்கு விட்டுவையுங்கள்.

பூசைக்குத் திருச்சியிலிருந்து வரும் சொந்தக்காரர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அப்பா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தார், எனக்கு ஆறு வயதாக இருக்கும்போது இறந்தார். அம்மா ரயில்வே எக்ஸ்சேஞ்சில் டெலிபோன் ஆபரேட்டர். எனக்குப் பதினாலு வயதானபோது, குழந்தைகள் ஹோமிலிருந்து இரண்டு வயது தெலுங்குப் பெண் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பெயர் ஸ்வப்னா. ஆறு மாதத்துக்குத்தான் என்றாள். இது தத்து இல்லை. தத்து எடுத்தால் பிள்ளை உங்கள் பிள்ளை. அதற்கு அம்மாவின் வயது தாண்டிவிட்டது. இது, வேறு ஏற்பாடு ஆகும்வரை வளர்த்துக் கொடுப்பது. செலவுக்கு சர்க்கார் மாதாமாதம் ஏதோ கொடுக்கும், ஞாபகம் வந்தால். பிள்ளையின் மேல் உங்களுக்கு எந்த உரிமையும் கிடையாது. நாளைக்கே வந்து கேட்டால் கொடுத்துவிட வேண்டும்.

ஆறு மாதம் எட்டு வருடம் ஆனது. அந்த எட்டு வருடமும் ஃபேனுக்கு நேர் கீழே இருந்த இடம் ஸ்வப்னாவுடையது. அம்மா தமிழில் பேசுவாள், அது தெலுங்கில் பதில் சொல்லும், இரண்டும் சிரிக்கும். நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுப்பேன்.

ஸ்வப்னாவுக்கு ஐந்து வயதில் வயிற்று வலி வந்தது. குடல்வால், உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார் டாக்டர். கவுண்டரில் இருந்தவர் கையெழுத்துக்கு யார் என்று கேட்டார். அம்மா பேனாவை எடுத்தாள். நீங்கள் யார் என்றார். வளர்க்கிறவள் என்றாள். தாயா? இல்லை. சட்டப்படி கார்டியனா? அதுவும் இல்லை. பேனாவை வாங்கி வைத்துக்கொண்டார். ஹோம் சூப்பரிண்டெண்ட் வந்து போட வேண்டுமாம். அவரோ ஏதோ கல்யாணத்தில். செல் எடுக்கவில்லை. அம்மா அந்தக் கவுண்டர் போனையே தன் பக்கம் இழுத்தாள். எக்ஸ்சேஞ்ச் குரலில், தெலுங்கிலும் இந்தியிலும் இங்கிலீஷிலும், செகந்திராபாத்தில் இருக்கும் கல்யாண மண்டபங்களை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டாள். “அர்ஜென்ட் கால், லைன்ல இருங்க” என்று அவள் சொன்னால் எவனுக்கும் வைக்கத் தைரியம் வராது. சூப்பரிண்டெண்ட் பட்டு வேட்டியோடு வந்து, ஸ்வப்னாவின் முகத்தைக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பந்திக்குத் திரும்பிப் போனார்.

வராந்தாவில் அம்மா சொன்னது உங்களில் பல பேருக்குத் தெரியும்: “பீ மூத்திரம் அள்ள நானு. கையெழுத்துப் போட அவரா?” உங்கள் கூட்டம் அந்த வாரம்தான் ஆரம்பித்தது.

உங்களுக்குத் தெரியாதது ஒன்று. அதற்கு முந்தைய வருடம் கிரிக்கெட்டில் எனக்குக் கை உடைந்தது. கம்பி வைக்க வேண்டும் என்று அம்மாவிடம் ஃபாரத்தை நீட்டினார்கள். அவள் வார்டு பாயிடம் கேன்டீன் எந்தப் பக்கம் என்று விசாரித்துக்கொண்டே, குனிந்துகூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டாள். எனக்காக ஒரு மண்டபத்துக்கும் போன் போக வேண்டியிருக்கவில்லை.

காலனியில் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். எதிர் வீட்டு பிலோமினா ஆன்ட்டி, மூன்று தலைமுறையாக இங்கேயே இருப்பவர், வாசலிலேயே கேட்டார்: “கைக்கு மேரி, எதுக்கு இந்தத் தலைவலி? காசுக்கா?”

“ஹவ், காசுக்குத்தான்” என்றாள் அம்மா. “பொண்ணு சர்க்கார் பொண்ணுன்னு சொல்றாங்கல்ல. பாலு மட்டும் என் பாலா?”

பணம் கேட்கக் கூச்சப்படாதே என்று உங்களுக்கெல்லாம் அவள்தான் சொல்லிக்கொடுத்தாள். பிள்ளையை வைத்துச் சம்பாதிக்கிறாய் என்று சொல்லிவிடுவார்களோ என்று நீங்கள் பயந்துகொண்டே இருந்தீர்கள். திங்கட்கிழமை தோறும் அவள் பணம் அனுப்புகிற சர்க்கார் ஆபீசுக்குப் போன் செய்வாள். யாருக்கு இன்னும் வரவில்லை, யார் பெயரை விட்டுவிட்டார்கள் என்று வரிசையாகக் கேட்பாள். அந்தப் பக்கத்து கிளார்க் அவள் குரல் கேட்டதும் நமஸ்தே சொல்லாமலேயே, “இந்த வாரம் வந்துடும் மேடம்” என்பாராம்.

அப்படி ஒரு திங்கட்கிழமைதான் நான் என்ஜினீயரிங் காலேஜை விட்டுவிட்டுப் பெட்டியோடு வீட்டுக்கு வந்தேன். இரண்டாம் வருடம். இனி போகமாட்டேன் என்று வாசலில் நின்று சொன்னேன். திட்டுவாள், அழுவாள், பிரின்சிபாலுக்குப் போன் போடுவாள் என்று பஸ்ஸில் வரும்போதே எல்லாவற்றுக்கும் பதில் தயார் செய்து வைத்திருந்தேன். அவள் ரிசீவரை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, “சாப்டியா?” என்றாள். பிறகு கையை எடுத்துவிட்டு, பாஸ்கர் சார் வளர்க்கும் பையனுக்கு ஸ்கூலில் அப்பா பெயர் கேட்கிறார்கள், என்ன போடுவது என்று அரை மணி நேரம் சண்டை போட்டாள். அந்தப் பையனுக்கு சீட் கிடைத்தது. நான் தயார் செய்த பதில்கள் இன்னும் என்னிடமே இருக்கின்றன.

ஸ்வப்னாவுக்கு ஏழு வயதானபோது, தத்துக் கேட்டு ஒரு தம்பதி வந்திருக்கிறார்கள், பிள்ளையை அனுப்பி வை என்று ஹோமிலிருந்து ஆள் வந்தது. அம்மா அனுப்பவில்லை. என்னைக் கூட்டிக்கொண்டு, ஸ்வப்னாவையும் கூட்டிக்கொண்டு, குழந்தைகளைப் பற்றி முடிவு செய்யும் குழுவின் முன்னால் போய் உட்கார்ந்தாள். நான் மனதுக்குள், ஸ்வப்னா போகட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

மேசைக்குப் பின்னால் இருந்த அம்மையார் நல்லவர்தான். வளர்க்கிறவர்களுக்கு இங்கே பேச இடம் இல்லை என்று பொறுமையாகவே சொன்னார். கொடுக்க மாட்டேன் என்று சொல்ல வரவில்லை, கொடுப்பதற்கு முன்னால் என்னை ஒரு வார்த்தை கேளுங்கள் என்றுதான் சொல்ல வந்தேன் என்றாள் அம்மா. பிள்ளைக்கு இருட்டு என்றால் பயம், முட்டை ஒத்துக்கொள்ளாது, இதையெல்லாம் கேட்காமல் ஒரு பிள்ளையை எப்படிக் கை மாற்றுவீர்கள் என்றாள். அந்த அம்மையார் என்னைப் பார்த்தார். சொந்தப் பிள்ளைதான் இவ்வளவு பெரியவனாக இருக்கிறானே, அப்புறம் இவள் எதற்கு, இரண்டு பேருக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டார்.

அம்மா தெலுங்கில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்.

“இவனைப் பிடிக்கலன்னாலும் வச்சுக்கணும். அவளைப் பிடிச்சிருந்தாலும் வச்சுக்க முடியாது. அவ்வளவுதான் மேடம் வித்தியாசம்.”

எல்லோரும் சிரித்தார்கள். நீங்களும் இதைக் கூட்டத்துக்குக் கூட்டம் சொல்லிச் சிரிப்பீர்கள். அந்த அறையில் அவளுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கேட்டவன் நான். திரும்பி வரும்போது பஸ்ஸில், அப்படியென்றால் என்னைப் பிடிக்காதா என்று கேட்டேன். “பேச்சுக்குச் சொன்னா அதையே புடிச்சுக்குவியா” என்று முழங்கையால் இடித்தாள். ஸ்வப்னா அவள் மடியில் தூங்கிக்கொண்டிருந்தது. நன்றாக இடிக்கக்கூட முடியவில்லை.

குழுவின் முடிவு என்று ஒன்றும் வரவில்லை. வந்த தம்பதி வேறு கைக்குழந்தையைத் தேர்ந்தெடுத்துக்கொண்டார்கள். அதனால் ஸ்வப்னா எங்களிடமே இருந்தது. சட்டம் ஒன்றும் காப்பாற்றவில்லை, அவர்களுக்குச் சின்னப் பிள்ளையாக வேண்டியிருந்தது.

அம்மா இறந்த அன்று காலை அவளுக்கு நெஞ்சுவலி வந்தபோதும் ஸ்வப்னாதான் பக்கத்தில் இருந்தது. அது முதலில் செந்தில் அண்ணனைக் கூப்பிட்டது, என்னை இல்லை. அவர் கொண்டாப்பூரிலிருந்து போய்ச் சேர்ந்து, ரயில்வே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், எல்லாம் முடிந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. கடைசி வார்த்தை என்று ஏதாவது இருந்தால் அது ஸ்வப்னாவிடம்தான் இருக்கிறது. நான் கேட்கவில்லை.

அடக்கம் முடிந்த நாலாம் நாள் ஹோமிலிருந்து வந்தார்கள். பிள்ளையை ஒப்படைத்தது லூர்துமேரியிடம், அவரே இல்லை என்றால் ஏற்பாடும் இல்லை என்றார்கள். அம்மாவின் பி.எஃப்., பீரோ, பிரஷர் குக்கர் எல்லாமே கேட்காமலே எனக்கு வருகிறது. ஸ்வப்னாவை என்னிடமே விடுங்கள் என்று கேட்டேன். அவளுக்கு நீ யார் என்றார்கள். அதற்குப் பெயர் இல்லை. கல்யாணமாகாத இருபத்திரண்டு வயதுப் பையனிடம் பெண் பிள்ளையை விட மாட்டோம் என்றார்கள், அதையும் தப்பு என்று சொல்ல முடியவில்லை. ஸ்வப்னா ஒரு துணிப்பையோடு போனது. அழவில்லை. எனக்கு அன்றைக்கும் எரிச்சலாகத்தான் இருந்தது, அம்மாவின் சால்வையை அது எடுத்துக்கொண்டு போனதால்.

செந்தில் அண்ணனும் அவர் மனைவி கவிதா அக்காவும் ஸ்வப்னாவை வளர்க்கக் கேட்டு மனு கொடுத்திருக்கிறார்கள். பூசைக்கு அடுத்த திங்கட்கிழமை குழு கூடுகிறது. நீங்கள் பூசைக்கு வராவிட்டாலும் பரவாயில்லை, அங்கே வந்து வாசலில் நில்லுங்கள். வேறு ஊர் ஹோமுக்கு மாற்றிவிடலாம் என்று ஒரு பேச்சு இருக்கிறது. எட்டு வருடம் ஒரே வீட்டில் வளர்ந்த பிள்ளை, உங்கள் எல்லோரையும் தெரிந்த பிள்ளை. நான் பேசினால் நாக்கு நீளும், காரியம் கெடும். நீங்கள் பேசுங்கள்.

போன சனிக்கிழமை ஹோமுக்குப் போனேன். உறவுக்காரர்களுக்கு மட்டும்தான் அனுமதி என்றார்கள். கவிதா அக்கா வார்டனிடம் கெஞ்சிப் பத்து நிமிடம் வாங்கிக்கொடுத்தார். ஸ்வப்னா வந்து எதிரில் உட்கார்ந்தது. நான் செல்லை நோண்டினேன். பிறகு அதுவே தெலுங்கில் ஆரம்பித்தது. நீ எனக்கு முன்னாலேயே பதினாலு வருடம் அம்மாவோடு இருந்திருக்கிறாய், வேறு பிள்ளை யாருமே இல்லாமல், நீ மட்டும் என்றது. கோபமாகத்தான் சொன்னது. அந்தப் பதினாலு வருடத்தில் என்ன நடந்தது என்று தனக்கு ஒன்றுமே தெரியாது, அம்மாவும் சொல்லவில்லை, நீயும் சொல்லவில்லை என்றது.

நான் அந்த வருடங்களை ஒரு நாளும் எண்ணிப் பார்த்ததில்லை.

சரி என்று ஒன்று சொன்னேன். அம்மா ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொண்ட கதை. ரயில்வே கிரவுண்டில் நேராகப் போய் மதிலில் இடித்துவிட்டு, ஓடி வந்த வாட்ச்மேனிடம், “செவுரு குறுக்க வந்துருச்சுப்பா” என்று சொன்னாள். ஸ்வப்னா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. பிறகு சிரிப்பு நின்றது.

“நுவ்வு எக்கட உன்னாவ்?” நீ எங்கே இருந்தாய் என்று கேட்டது.

“முன்னாடி நின்னுக்கிட்டிருந்தேன். ஹேண்டிலைப் புடிச்சுக்கிட்டு.”

அது முகத்தைத் திருப்பிக்கொண்டது. அந்த முகம் எனக்கு நன்றாகத் தெரியும், எட்டு வருடம் நான் வைத்துக்கொண்டிருந்த முகம். இன்னொன்று சொல்லு என்றது. வார்டன் மணியடித்தார். அடுத்த வாரம் என்றேன்.

இன்னும் நிறைய இருக்கிறது. அவளுக்கு நான் மட்டுமே பிள்ளையாக இருந்த பதினாலு வருடம். அம்மாவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அதுதான். உங்கள் யாருக்கும் அதில் பங்கில்லை. ஸ்வப்னாவுக்கு மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுப்பேன், கேட்டால். சிலதைக் கொடுக்கவே மாட்டேன்.