தமிழ்மொழி கேட்டு வாங்கிய சனிக்கிழமை

தமிழ்மொழி திண்டிவனத்தில் ஒரு காவல் நிலையத்தில் முதல்நிலைக் காவலர். அவள் கணவன் வெற்றிவேலும் போலீஸ்தான். விழுப்புரத்தில் போக்குவரத்துப் பிரிவு. இரண்டு ஊருக்கும் நடுவில் விக்கிரவாண்டியில் வாடகைக்குக் குடியிருக்கிறார்கள். ஒருவர் வடக்கே பஸ் ஏறினால் இன்னொருவர் தெற்கே ஏறுவார்.

அவள் மரக்காணம் பக்கத்தில் ஒரு மீனவக் குப்பத்தில் பிறந்தவள். கடற்கரை மணலில் ஓடி வளர்ந்ததால் போலீஸ் தேர்வில் ஓட்டம் சுலபமாக இருந்தது. எழுத்துத் தேர்வுதான் இரண்டு தடவை காலை வாரியது. மூன்றாவது தடவை பாஸானாள். கல்யாணம் பேசியபோது, இரண்டு பேருமே போலீஸ் என்றால் ஒருவர் கஷ்டம் இன்னொருவருக்குப் புரியும் என்று வீட்டில் சொன்னார்கள். புரியத்தான் செய்தது. பார்த்துக்கொள்ளத்தான் நேரமில்லை.

மகள் சூர்யகலா பிறந்த பிறகு இன்னும் மோசம். வாராந்திர ஓய்வு அவளுக்குச் செவ்வாய், அவனுக்குச் சனி. ஓய்வு நாளிலும் வேலை பார்த்தால் அதற்குத் தனியாகப் பணம் உண்டு. கிளியனூரில் கடன் போட்டு ஒரு மனை வாங்கியிருந்தார்கள். அதனால் இரண்டு பேருமே ஓய்வை விட்டுக்கொடுத்து ட்யூட்டிக்குப் போனார்கள். குழந்தையைப் பக்கத்து வீட்டு சின்னக்கண்ணு அக்கா பார்த்துக்கொண்டாள். அவள் வாசலில் இட்லிக் கடை வைத்திருப்பவள். சூர்யகலா பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அங்கேதான் சாப்பாடு, தூக்கம், எல்லாம்.

போன பங்குனி உத்திரத்துக்கு மயிலத்தில் இரண்டு பேருக்கும் பந்தோபஸ்து விழுந்தது. தமிழ்மொழிக்குப் பெண்கள் வரிசை. அவனுக்கு வண்டி நிறுத்துமிடம். மத்தியானம் கூட்டம் கொஞ்சம் குறைந்ததும் வெற்றிவேல் புளிசாதப் பொட்டலத்தோடு அவளைத் தேடி வந்தான். தண்ணீர் லாரி நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

"நம்ம ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்து சாப்ட்டு எத்தினி நாளாச்சு, மொழி?" என்றான் அவன்.

அவள் யோசித்துப் பார்த்தாள். நினைவு வரவில்லை. அதுதான் அவளுக்குச் சுருக்கென்றது.

"ன்னாங்க, இனிமே நான் ஆஃப் எடுத்துக்கிறேன். அதுவும் சனிக்கிழம. பாப்பாவுக்கும் ஸ்கூல் லீவு."

"மனைக் கடன் இருக்குதே. இன்னும் ஒரு வருசம் பல்லக் கடிச்சிக்கினு ஓட்டிட்டா முடிஞ்சிடும்."

"ஒரு வருசம் கழிச்சி வீடு கட்ட கடன் வாங்குவோம். அப்பவும் இதத்தான் சொல்லுவீங்க."

அவன் காலிப் பொட்டலத்தைச் சுருட்டினான். விசில் சத்தம் கேட்டதும் கையைக் கழுவிக்கொண்டு ஓடினான்.

இரண்டு நாள் கழித்து இன்ஸ்பெக்டர் சித்ராவிடம் போய்க் கேட்டாள்.

"உனக்குச் சனிக்கிழம குடுத்தா அந்த எடத்துல யார நிறுத்துறது?" என்றார் இன்ஸ்பெக்டர். "சனி ஆஃப் பவுலினோடது. அவங்க சம்மதிச்சா எனக்கு ஆட்சேபணை இல்ல. நீயே பேசிக்கினு வா."

பவுலின் தலைமைக் காவலர். ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசைக்குப் போக அனுமதி வாங்கிவிடுவார். மற்றபடி எந்தக் கிழமை ஓய்வு என்பது அவருக்குப் பெரிய விஷயமில்லை. அதற்காகச் சும்மா தூக்கிக் கொடுக்கிறவரும் இல்லை.

"சனிக்கிழம எடுத்துக்கோ, நான் செவ்வாய் எடுத்துக்கிறேன். ஆனா என் வெள்ளிக்கிழம நைட் ட்யூட்டிய நீதான் பாக்கணும். வாரா வாரம்."

"வாரா வாரமா க்கா? நைட் முடிச்சி வந்தா பாதி நாள் தூக்கத்துலயே போயிடுமே."

"மீதிப் பாதி நாள் இருக்குதில்ல? எனக்கும் வயசாவுது, கண்ணு முழிக்க முடியல."

ஒரு ராத்திரி தூக்கத்தைக் கொடுத்து அரை நாள் வாங்குகிற பேரம் அது. தமிழ்மொழி ஒத்துக்கொண்டாள். சம்பளத்தோடு வந்துகொண்டிருந்த கூடுதல் பணம் நின்றது. வெற்றிவேல் முதல் மாதம் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். அடுத்த மாதம் அவனும் தன் சனிக்கிழமையை விட்டுக்கொடுப்பதை நிறுத்தினான். மனைக் கடன் தவணை நீண்டது. சீட்டு ஒன்றைப் பாதியில் நிறுத்தினார்கள்.

இரண்டு பேரும் சேர்ந்து வீட்டில் இருந்த முதல் சனிக்கிழமை அவள் சாயங்காலம் வரை தூங்கிவிட்டாள். எழுந்தபோது வெற்றிவேல் குழந்தைக்குத் தலைபின்னிக்கொண்டிருந்தான். பின்னல் கோணல். சூர்யகலா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இன்னிக்கு யாரு டூட்டிக்குப் போறீங்க?"

"யாரும் போவலடி," என்றாள் தமிழ்மொழி.

குழந்தை நம்பவில்லை. வாசலில் போய் அப்பாவின் பூட்ஸ் கிடக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தது.

எல்லாச் சனிக்கிழமையும் கிடைப்பதில்லை. யாராவது பெரிய ஆள் அந்தப் பக்கம் வந்தால் இரண்டு பேரில் ஒருவரைக் கூப்பிட்டுவிடுவார்கள். ஒரு வாரம் மண்டகப்பட்டு குகைக் கோயிலுக்குக் கிளம்பிப் போனார்கள். பாறைக்குப் பக்கத்தில் துண்டை விரித்து உட்கார்ந்ததும் வெற்றிவேலுக்குப் போன் வந்தது. விழுப்புரம் ஜங்ஷன் பக்கத்தில் ஊர்வலம், உடனே வரச் சொன்னார்கள்.

"பேஜாரு புடிச்ச வேலை," என்று முணுமுணுத்தபடி எழுந்தான். "நீங்க ரெண்டு பேரும் இருந்து சாப்ட்டு பஸ்ஸுல வாங்க, மொழி. கோவிச்சுக்காத."

"போன வாரம் முழுசா இருந்தீங்க இல்ல, போங்க. பாத்து ஓட்டிக்கினு போங்க."

அவன் வண்டியை எடுத்துக்கொண்டு போன பிறகு அம்மாவும் மகளும் டப்பாவைத் திறந்தார்கள். அவன் பங்குத் தக்காளி சாதத்தையும் தமிழ்மொழியே சாப்பிட்டாள். ராத்திரி முழுக்க ட்யூட்டி பார்த்துவிட்டு வந்தவளுக்கு நல்ல பசி.