வாயைத் திறந்தால் துரு விழும்

பழைய வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்துத் துரு சுரண்டுகிறவன் முதலில் கற்றுக்கொள்வது வாயை மூடிக்கொள்வதைத்தான். கண்ணைச் சுருக்கிக்கொள்ளலாம், மூக்கில் துண்டு கட்டலாம். வாயைத் திறந்தால் நேராக நாக்கில் விழும், அன்றைக்குச் சாப்பிடுகிற சோறெல்லாம் இரும்பாக ருசிக்கும். எண்பதுகளில் அரியலூரில், பெரம்பலூர் ரோட்டில் டிங்கரிங் பட்டறை வைத்திருந்தேன். பழைய வண்டி வைத்துக்கொண்டு பாடுபட்டவர்களுக்கு என் கஷ்டத்தில் பாதி தெரிந்திருக்கும். மீதி இது.

செருப்பு

செல்வராஜ் அரியலூர் அரசு சிமெண்டு ஆலைக்கு ஷிப்டு ஆட்களை ஏற்றிப் போகிற வேன் வைத்திருந்தான். பல கை மாறி வந்த வேன். அப்போது அவனுக்குக் குரும்பலூரில் பெண் பேசியிருந்தார்கள். நாள் குறிப்பதுதான் பாக்கி. சொந்த வேன் உள்ள மாப்பிள்ளை என்பதுதான் அங்கே அவனுக்கு இருந்த மதிப்பு.

ஒரு நாள் மத்தியானம் பட்டறைக்கு வந்தபோது அவன் முகமே சரியில்லை. ஓடுகிற வேனில் ஒருவர் காலை அழுத்தி ஊன்ற, தரைத் தகடு பிய்ந்து கால் முழங்கால் வரை கீழே இறங்கிவிட்டது. பக்கத்தில் இருந்தவர்கள் தூக்கிவிட்டதால் கால் தப்பியது, செருப்பு ரோட்டில் போய்விட்டது. அந்த ஆளும் கூடவே வந்திருந்தார். ஓட்டையை எனக்குக் காட்டிவிட்டு, ஒரு காலில் மட்டும் செருப்போடு நின்று சொன்னார்: "கால் கிடைச்சிடுச்சுங்க. ஆனா ஒத்தச் செருப்ப வச்சிக்கிட்டு என்னங்க பண்றது?"

காரை

அடியில் படுத்துப் பார்த்தேன். வீட்டுச் சுவர் மாதிரி வெளுப்பாக, கெட்டியாக இருந்தது. ஆலைப் பக்கம் பறக்கிற சிமெண்டுப் பொடி வண்டிக்கு அடியில் ஒட்டும், மழையில் நனையும், இறுகும். அடுத்த மழைக்கு இன்னொரு பூச்சு. அந்தக் காரை இருந்தால் துரு பிடிக்காது என்று எங்கள் பக்கத்து ஓட்டுநர்களுக்கு ஒரு நம்பிக்கை, சுரண்டவே விடமாட்டார்கள். காரைக்கும் தகட்டுக்கும் நடுவில் நிற்கிற ஈரம் யார் கண்ணிலும் படுவதில்லை.

சுத்தியால் தட்டினேன். நல்ல இரும்பு டங்கென்று சொல்லும். இது தொப்பென்றது. இன்னொரு தட்டுக்கு முறத்தளவு காரை என் மார்பில் விழுந்தது, அதில் ஒட்டிக்கொண்டு தகடும் வந்தது. குறுக்குச் சட்டத்தை விரலால் அழுத்தினேன். விரல் உள்ளே போனது. குனிந்து பார்த்துக்கொண்டிருந்த செல்வராஜ் என் கையைப் பிடித்துக்கொண்டான்: "இனிமே தட்டாதீங்கண்ணே. அந்த சிமெண்டுதான் வண்டியத் தாங்கிட்டு இருக்கு."

பலகை

சட்டத்தையே மாற்ற வேண்டும், அதற்குத் தகடு திருச்சியிலிருந்து வர வேண்டும். அதுவரை வேன் கட்டை மேல் ஏறி நின்றது. செல்வராஜின் சிநேகிதர் ஒருவர், அவரும் வேன் ஓட்டுகிறவர், யோசனை சொல்ல வந்தார். ஓட்டை மேல் பலகை, பலகை மேல் ரப்பர் பாய், அடியில் தார்; சாயங்காலமே வண்டி ஓடும் என்றார். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் உள்ளதைச் சொன்னால் வண்டி அடுத்த பட்டறைக்குப் போய்விடும் என்று பட்டுத் தெரிந்தவன், வாயைத் திறக்கவில்லை.

செல்வராஜ் அந்த ஓட்டையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, ஷிப்டு ஆட்களை பஸ்ஸில் போகச் சொல்லிவிட்டு வருவதாகக் கிளம்பிப் போனான். அவனை எனக்குப் பிடித்துப்போனது அன்றுதான். சிநேகிதர் தலையில் அடித்துக்கொண்டார்: "பொண்ணு பேசியிருக்கற நேரத்துல வண்டிய நிறுத்துறான் பாருங்க. கீழ குனிஞ்சு யாரு பார்க்கப் போறா?"

விசாரிக்க வந்தவர்

பார்க்க ஒருவர் வந்தார். பெண்ணின் அப்பா, வெளுத்த வேட்டி சட்டையில். மாப்பிள்ளைக்குத் தொழில் படுத்துவிட்டது, வேன் பட்டறையில் கிடக்கிறது, ஆள் பஸ் ஸ்டாண்டில் சும்மா நிற்கிறான் என்று குரும்பலூரில் பேச்சாம். நிஜமென்றால் சம்பந்தத்தை விட்டுவிடலாம் என்றுதான் வந்திருந்தார். அதை மறைக்கவும் இல்லை.

"வண்டி ஓடாதுங்களா?" என்று வேனுக்கு அடியில் கிடந்த என்னைக் குனிந்து கேட்டார்.

"பலகையப் போட்டா இன்னிக்கே ஓடும்."

"பின்ன ஏன் நிறுத்தி வச்சிருக்கான்?"

உள்ளே உட்காருகிறவர்கள் வீடு போய்ச் சேருவது நிச்சயமில்லை, அதனால் அவனே நிறுத்திவிட்டான் என்று முழுசாகச் சொன்னேன். அவர் நம்பவில்லை. வாடிக்கைக்காரனுக்குப் பட்டறைக்காரன் பரிந்து பேசுவான் என்று நினைத்திருப்பார். துண்டை உதறித் தரையில் விரித்து, வேனுக்கு அடியில் என் பக்கத்தில் வந்து படுத்துவிட்டார். ஒரு நல்ல பையனின் கல்யாணத்தை நானே கெடுத்துவிட்டேனோ என்று இருந்தது.

சட்டத்தை அவரே விரலால் தள்ளினார். செதில் செதிலாகச் சட்டை முழுக்கக் கொட்டியது.

"இத அவனும் பார்த்தானா?"

"பார்த்தான்."

"பார்த்துட்டுத்தான் நிறுத்துனானா?"

"ஆமாங்க."

எழுந்து வந்து சட்டையைத் தட்டினார். தட்டத் தட்டத் துரு பரவியது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்தவர், வாசலில் நின்று திரும்பினார்: "நாள் குறிச்சுட்டுச் சொல்லி அனுப்பறேன்னு மாப்பிள்ளகிட்ட சொல்லிடுங்க. பொண்ணு மட்டும் அவரு வூட்டுக்கு பஸ்ஸுலயே வரட்டும்."

இத்தனை வருஷம் வண்டிக்கு அடியில் கிடந்ததில் நான் வாயைத் திறந்தது அந்த ஒரு முறைதான், துரு விழுந்ததோ அவர் சட்டையில்.