பத்தியில் இல்லாத கட்டைவிரல்

நான் பாலக்காட்டுப் பக்கம் பெருமாட்டிக்காரி. தென்னந்தோப்புக்கு நடுவில் வளர்ந்த எனக்கு, இடுக்கித் தேயிலை மலையில், வண்டிப்பெரியார் பக்கத்துப் பள்ளியில் தமிழ் டீச்சர் வேலை கிடைத்தது. வந்து ஏழு வருடமாகியும் தேயிலையைப் பற்றி எனக்குத் தெரிந்தது டம்ளரில் இருப்பது மட்டும்தான்.

பத்தாம் வகுப்பில் எனக்குத் தலைவலி ஒரே ஒரு கேள்வி. ஒரு பத்தியைக் கொடுத்து, சான்றுடன் விடை எழுதச் சொல்வது. நாலு மதிப்பெண். பிள்ளைகளோ, 'அவர் நல்லவர். ஏனென்றால் அவர் மிகவும் நல்லவர்' என்று எழுதிவிட்டு நிம்மதியாக உட்கார்ந்திருப்பார்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். கருத்தைச் சொல்லு, அதற்கு ஆதாரமான வரியைக் காட்டு, அது எப்படி ஆதாரமாகிறது என்று விளக்கு. இதைத் தொண்டை வறளக் கத்தினேன். விடை சொல்கிறவர்கள் பத்தியில் ஒரு வரிமேல் விரலை வைத்துக்கொண்டுதான் சொல்ல வேண்டும். விரல் வைக்க வரி இல்லையென்றால் நிற்க வேண்டும். பாதி வகுப்பு நின்றுகொண்டே படித்தது.

மாடல் பரீட்சைக்கு நானே கேள்வித்தாள் தயாரித்தேன். பிள்ளைகளுக்குத் தெரிந்த விஷயமாக இருக்கட்டுமே என்று கொழுந்து பறிப்பதைப் பற்றி ஒரு பத்தி எழுதினேன். பெண்கள் முதுகில் கூடையைக் கட்டிக்கொண்டு இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளுகிறார்கள் என்று அழகழகாக எழுதியிருந்தேன். 'கொழுந்து பறிப்பது கடினமான வேலையா? சான்றுடன் எழுதுக.'

எஸ்டேட் லைன் வீட்டிலிருந்து வரும் ஒரு பெண் இப்படி எழுதியிருந்தாள்: 'கடினமான வேலைதான். இப்போது கூடை இல்லை, கத்திரியும் சாக்கும்தான். கத்திரி பிடித்துப் பிடித்து என் அம்மாவின் வலது கட்டைவிரல் மடங்குவதில்லை. சோற்றைப் பிசைய முடியாமல் கரண்டியால் சாப்பிடுகிறார்.'

'பத்தியில் எங்கே?' என்று சிவப்பு மையில் எழுதிப் பூஜ்யம் போட்டேன். இரண்டு மதிப்பெண் குறைந்து அவள் தமிழில் தோற்றாள். தோற்றவர்களின் வீட்டிலிருந்து ஒருவர் வந்து கையெழுத்திட வேண்டும் என்பது எங்கள் பள்ளி ஏற்பாடு. பொதுத்தேர்வுக்கு ஒரு மாதம்கூட இல்லை.

மறுநாள் அவளுடைய அம்மா வேலைக்குப் போகாமல் அவளோடு வந்தார்.

"ஒப்பு போடணுமாமே டீச்சர். இவ என்னத்த எழுதித் தொலச்சா?"

"கேட்டதை விட்டுட்டு வேற எழுதியிருக்காளுங்க," என்றேன்.

மகள் தலையை நிமிர்த்தினாள். "சான்றுன்னுதான கேட்டிருந்தீங்க டீச்சர். பத்தியிலருந்துன்னு கேள்வில இல்லல்லா?"

கேள்வித்தாளை எடுத்துப் பார்த்தேன். இல்லைதான். அவள் முகத்தைப் பார்க்காமல் பேனாவை அம்மாவிடம் நீட்டினேன். அவர் அதை ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் செருகிக்கொண்டார். கட்டைவிரல் விறைத்துத் தனியாக நின்றது. பெயரின் ஒவ்வொரு எழுத்துக்கும் மணிக்கட்டையே திருப்ப வேண்டியிருந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது.

"எழுத்து கோணலா வந்துட்டு டீச்சர். வெரல் மடங்க மாட்டேங்கு. செல்லுமா?"

"செல்லுமுங்க," என்றேன்.

மகள் தேறிவிடுவாள், அந்தக் கையெழுத்தே இனி தேவையில்லை என்று அவரிடம் எப்படிச் சொல்வது? மகளின் விடைத்தாளை எடுத்துப் பூஜ்யத்தை அடித்துவிட்டு மூன்று போட்டேன். அவள் எட்டிப் பார்த்து, "அந்த ஒண்ணு?" என்றாள்.

பத்தியிலிருந்து ஒரு வரிகூட எடுக்காததற்கு என்றேன். அந்தப் பத்தியே தப்பு என்றாள். தப்புதான், ஆனாலும் முதலில் அதிலிருந்து ஒரு வரியைக் காட்டிவிட்டு, பிறகு அம்மாவின் விரலை எழுது என்றேன். பொதுத்தேர்வில் திருத்துகிறவர் எங்கோ ஓர் ஊரில் உட்கார்ந்திருப்பார். அவர் முன்னால் போய் அவள் அம்மா பேனா பிடித்துக் காட்டப் போவதில்லை.