அழிந்த பட்டியல் திரையில் இருந்தது

அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் வேலை பார்க்கும் கம்பெனியில், பெட்டிகளுக்கு லேபிள் அடிப்பது என் பொறுப்பு. பன்னிரண்டாவது வரை படித்தவள். கம்ப்யூட்டர் தனியாகப் படித்ததில்லை. புரோகிராம் எழுதிக் கொடுத்த தம்பி, எடிட்டர் என்று ஒன்றைத் திறந்து காட்டினார். அதன் மேல் பாதியில் பட்டியல்: எந்த உதிரிபாகத்துக்கு எந்தப் பெட்டி எண் என்று. கீழ்ப் பாதியில், கட்டளைகளைத் தட்டும் டெர்மினல் என்ற கறுப்புக் கட்டம்.

"மேல் அம்புக்குறிய ஒருவாட்டி அமுக்குங்கக்கா. கடைசியா போட்ட வரி வரும். என்டர் தட்டுனா லேபிள் வரும்," என்றார். வரியைப் படிக்கச் சொல்லவில்லை, நானும் படித்ததில்லை. இரண்டு வருடமாக அம்புக்குறி, என்டர், அவ்வளவுதான்.

அன்று காலையும் அப்படித்தான் தட்டினேன். பிரிண்டர் அசையவில்லை. மறுபடியும் தட்டினேன். அப்படி ஒரு கோப்பே இல்லை என்று கட்டத்தில் ஆங்கிலத்தில் வந்தது. அதன் பிறகுதான் வரியை எழுத்துக் கூட்டிப் படித்தேன். ஆர், எம் என்று இரண்டு எழுத்து, பின்னால் என் பட்டியலின் பெயர். முந்தின மாலை அந்தத் தம்பி, அதே பெயரில் வைத்துப் பார்த்த சோதனைப் பட்டியலை இந்த இரண்டு எழுத்தைத் தட்டித்தான் அழித்தார். பிறகு என்னுடையதை மவுஸால் இழுத்துத் திரும்ப வைத்துவிட்டுப் போனார். கடைசியாகத் தட்டிய வரி அந்த அழிக்கும் வரியாகவே நின்றிருந்தது.

இரண்டு வருடம் நான் ஏற்றிய எண்கள். வேறு பிரதி கிடையாது. அந்தத் தம்பிக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பருத்திப்பட்டிலிருந்து வண்டியில் வந்துகொண்டிருப்பார்.

லாரி டிரைவர் வாசலில் வந்து நின்றார். "இன்னாக்கா, ஸ்டிக்கர் ஒட்றியா, இல்ல நான் பெட்டி மேல கோலம் போட்டு எட்த்துகினு போவட்டா? பாடி டிராஃபிக்ல மாட்டினா அவ்ளோதான்."

சூப்பர்வைசர் எழுந்து வந்தார். "இன்னும் இன்னாம்மா பண்ற? ஆஃப் பண்ணிப் போட்டா சரியாப் பூடும்." எங்கள் கம்பெனியில் மின்விசிறி முதல் பெரிய மெஷின் வரை எல்லாவற்றுக்கும் அதுதான் முதல் வைத்தியம். குனிந்து மேஜைக்கடியில் சுவிட்சைத் தேடினார்.

நான் திரையைப் பார்த்தேன். மேல் பாதியில் பட்டியல் அப்படியே இருந்தது. பெயர் மட்டும் சிவப்பாகி, குறுக்கே ஒரு கோடு. கம்ப்யூட்டருக்குள் கோப்பு அழிந்துவிட்டது, திரையில் திறந்து வைத்திருப்பது மட்டும் மிச்சம். அணைத்தால் அதுவும் போய்விடும்.

அவரிடம் நிமிர்ந்து பேசியதே இல்லை நான். அன்று அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன்.

"வேணாம் சார். கை வைக்காதீங்க."

அவர் குனிந்தபடியே என்னைப் பார்த்தார். ஒரு கையால் அவரைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் சேமிக்கும் விசைகளை அமுக்கினேன். முதல் முறை விரல் வழுக்கியது. இரண்டாவது முறை பெயரின் மேலிருந்த கோடு மறைந்தது.

பிறகுதான் அவர் கையை விட்டேன். அம்புக்குறியை அமுக்கி, ஒவ்வொரு வரியாக நிறுத்திப் படித்தேன். நான்காவதுதான் லேபிள் வரி. அதை மூன்று முறை படித்துவிட்டு என்டர் தட்டினேன். பிரிண்டர் கரகரவென்று ஓடத் தொடங்கியது.

"அந்தப் பையன் எதையோ கெடுத்து வெச்சிருக்கான். வரட்டும், பேசிக்கிறேன்," என்றார் சூப்பர்வைசர்.

நான் சும்மா இருந்திருந்தால் அதோடு போயிருக்கும்.

"அவர் இல்ல சார். நான்தான் படிக்காம தட்டினேன்."

அவர் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டார். "லேபிள கிழிச்சுக் குடு, லாரி நிக்குது," என்றார்.

முதல் லேபிள் கோணலாகக் கிழிந்தது.