மத்தியாஸ் முதலாளியின் மான் முடிச்சு

பார்சலைச் சுற்றிய கயிற்றை ஒரு சுண்டு சுண்டி இறுக்கிவிட்டு, "இழுத்துப் பாருங்க," என்பார் மத்தியாஸ். வாங்க வந்தவர் இழுப்பார். முடிச்சு இறுகும். "இன்னும் இழுங்க! இழுக்க இழுக்க இறுகுமே தவிர விடாது. உள்பக்கமா தள்ளுனாத்தான் விடும். மானுக்கு இழுக்க மட்டுந்தான் தெரியும். மனுசனும் அப்புடித்தான்."

கலகெதரவில் அவருடைய ஹாட்வெயார் கடைக்கு வந்து நாலு ஆணி வாங்கினாலும் இந்தப் பாடம் இலவசம். தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து, சீமெந்து மூட்டை சுமந்து, சொந்தக் கையால் இரண்டு மாடி எழுப்பிய மனிதர். சும்மா வந்ததா? "பள்ளிக்கூடத்துல மூணாம் வகுப்பு. மிச்சத்த மான்கிட்டப் படிச்சேன்." வாலிபத்தில் வேட்டைக்குப் போனவர். வேட்டைத் துவக்கைக் கைவிட்டுப் பல காலம், பாடங்களை விடவில்லை. கடைக்குள் ஆள் நுழைந்தால் பாய மாட்டார். குனிந்து சாமானைப் பார்க்கும்போது கிட்டப் போவார், நிமிர்ந்தால் நின்றுவிடுவார். "மேயிறப்ப நட. தலையத் தூக்குனா கல்லு மாதிரி நில்லு. பெயின்ட் தானா விக்கும்."

எல்லாவற்றிலும் பெரிய பெருமை, மானுக்குச் சுருக்கு வைத்துப் பழகிய அந்த முடிச்சு. கண்டிப் பக்கத்தில் தனக்கு மட்டுந்தான் தெரியும் என்பார். கேட்டவர், கேட்காதவர் எல்லோருக்கும் மேசையில் வைத்துக் கட்டிக் காட்டியவரும் அவரேதான்.

போன மாதம் ஒரு காலை, றப்பர் தோட்டத்து ஓரத்தில் பெண் மானொன்று சுருக்கில் மாட்டிக்கொண்டது. யாரோ பன்றிக்கு வைத்த கிளட்ச் வயர். வெட்டிப் பார்த்தவர்களின் கத்தி அதில் ஏறவில்லை. "வேட்டைக்காரர் வர்றாரு, வழி விடுங்க!" என்று ஊரே விலகியது. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு மிடுக்காக வந்தவர் குனிந்தார். மானின் காலை நெரித்த வயரில் இருந்தது அவருடைய முடிச்சு.

ஒரு தள்ளு போதும். ஆனால் அவர் கை தடுமாறாமல் அதை அவிழ்த்தால், அது யாருடைய முடிச்சு என்று அத்தனை பேருக்கும் விளங்கிவிடும்.

"இது தெரியாத முடிச்சு," என்றார். "கடையில வயர் கட்டர் இருக்கு. யாராச்சும் ஓடிப்போய் எடுத்துட்டு வாங்க."

ஒருவர் ஓடினார். மான் இழுத்தது. வயர் தோலுக்குள் இறங்கியது. மத்தியாஸ் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு மரத்தைப் பார்த்தார்.

பக்கத்துத் தேத்தண்ணிக் கடை நிஸாம் குனிந்து பார்த்தார். "முதலாளி, இது ஒங்கட பார்சல் முடிச்சு மாதிரி ஈக்கே? எனக்கும் காட்டித் தந்தீங்க. எனக்கு மறந்து போச்சு. நீங்க அவுத்து உடுங்களே, பாவம்."

அதில் கேலியே இல்லை. கேலியாக இருந்திருந்தால் ஏதாவது திருப்பிச் சொல்லியிருப்பார்.

மண்ணில் முழந்தாளிட்டு, மானின் காலைப் பிடித்து, வயரை உள்பக்கமாகத் தள்ளினார். உடனே விட்டது. மான் மூன்று காலில் மரங்களுக்குள் போனது. நாலாவது கால் தொங்கியது. கட்டர் வந்து சேர்ந்தபோதும் அவர் நிமிரவில்லை.

சுருக்கு வைத்தவன் யாரென்று இன்றுவரை தெரியாது. அவரும் தேடவில்லை. தேடப் போனால், யார் யாருக்கு அந்த முடிச்சைக் கட்டிக் காட்டினார் என்றல்லவா முதலில் கேட்பார்கள்? ஞாயிறு பூசையில் முன்வரிசை வாங்குப் பலகையில் நெஞ்சை நிமிர்த்தி இருப்பவர், இப்போது தூணுக்குப் பின்னால் நிற்கிறார். நிஸாம் வழமைபோல் பிளேன்டீ கொடுத்தனுப்புகிறார். அது ஆறிப் போகிறது.

நேற்று கடுகண்ணாவையிலிருந்து ஒரு பெண் குழாய்ச் சாமான் வாங்க வந்தார். "முதலாளி, அந்த மான் முடிச்சுப் போட்டுத் தாங்களேன். புள்ளைகளுக்குக் காட்டணும்."

மத்தியாஸ் கயிற்றை அளந்து வெட்டினார். வெட்டிய துண்டைக் கட்டாமலே பார்சலின் மேல் வைத்து, இரண்டையும் அந்தப் பெண்ணின் பக்கம் தள்ளினார்.