குரல் போன எவாரிஸ்தோ

பல்மில்யா மலையில் யார் சாகக் கிடந்தாலும் எவாரிஸ்தோ கித்தாரோடு வந்து பாடுவார். ஹோண்டுராஸின் அந்த மேட்டுக்குப் பாதிரியாரின் ஜீப் ஆடிக்கொரு தரம் அமாவாசைக்கொரு தரம்தான் ஏறும். சாவு அவருக்காகக் காத்திருக்குமா? அதனால் ஊரே வேலையைப் பகிர்ந்துகொண்டது. மெல்சோர் வேதம் வாசிப்பார். எவாரிஸ்தோவின் மனைவி ரூபெனியா நோயாளி வீட்டு அடுப்பைப் பார்த்துக்கொள்வாள். தூய ஆவி இறங்கிவந்த நாளான பெந்தெகொஸ்தே ஞாயிறன்று அவரவர் தமக்குக் கிடைத்த கொடைக்கு அடையாளமான பொருளைப் பீடத்தில் கொண்டுபோய் வைப்பார்கள்: வேதப்புத்தகம், காப்பிச் சட்டி, பிரசவம் பார்ப்பவளின் கத்தரிக்கோல், எவாரிஸ்தோவின் கித்தார்.

போன வருஷம் அவர் தொண்டையில் கட்டி வந்து, நகரத்து ஆஸ்பத்திரியில் அறுத்தெடுத்தார்கள். உயிர் தப்பியது, குரல் போய்விட்டது. வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. அடுத்த பெந்தெகொஸ்தேவுக்கு அவர் கோயில் பக்கமே தலைகாட்டவில்லை.

"நான் எதக் கொண்டுபோய் வைக்கிறது?" என்று ரூபெனியாவிடம் மூச்சுக்காற்றாலேயே கேட்டார். கித்தார் ஆணியில் தொங்கித் தூசி படிந்தது. இனி யாருக்கும் தான் வேண்டாதவன் என்ற நினைப்பு அந்த மனுஷரை உள்ளுக்குள் அரித்தது. என்னைக் கேட்டால், அறுத்தெடுத்த கட்டியே தேவலாம்.

காப்பிப் பழம் பறிக்கும் பருவத்தில் செபெரினா படுத்துவிட்டாள். சின்ன வயதிலிருந்து அவரோடு ஒரே தோட்டத்தில் கூடை சுமந்தவள். நெஞ்சில் சளி கட்டி, மூச்சு இழுத்தது. எவாரிஸ்தோவைக் கூட்டிவரச் சொன்னாள். மெல்சோர் ஓடிவந்தார்.

"மச்சான், செபெரினா உன்னத்தான் கேக்குறா. இன்னைக்குப் பொழுது தாண்டாது போல."

எவாரிஸ்தோ தொண்டைத் தழும்பைத் தொட்டுக் காட்டினார். "இத வச்சுக்கிட்டு என்னத்தப் பாட? நான் வரல."

ரூபெனியாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "சாகப்போறவ கூப்பிடுறா, நீங்க இங்க உக்காந்து ரோஷம் கொண்டாடுறீங்களா? ஊர்ல எல்லாரையும் பாடித்தான அனுப்பி வச்சீங்க? அவ மட்டும் என்ன பாவம் பண்ணினா?" என்று கித்தாரை எடுத்து அவர் மடியில் போட்டாள்.

போனார். அறை நிறைய ஜனம். மெல்சோர் வாசித்து முடித்ததும் எல்லோர் கண்ணும் எவாரிஸ்தோ மேல் திரும்பியது. தந்தியை மீட்டி வாயைத் திறந்தார். காற்று வந்தது. இன்னொரு முறை முயன்றார். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வர, அவமானம் தாங்காமல் எழுந்தார்.

செபெரினா அவர் சட்டைக் கையை எட்டிப் பிடித்தாள். "எங்க ஓடுற? உக்காரு. உன்னப் பாடச் சொல்லி யாரு கூப்பிட்டா?"

"பின்ன எதுக்கு?"

"எங்கம்மாவுக்குப் பாடின. என் புருஷனுக்குப் பாடின. என் புள்ளைக்கும் பாடின. நாளைக்கு உனக்கு யாருய்யா பாடுவா? இந்த ஊர்ல எவனுக்குச் சாரீரம் இருக்கு? அதான், நான் இருக்கும்போதே உனக்குப் பாடிட்டுப் போயிரலாம்னு பாத்தேன்."

யாரோ ஒருத்தி அழுகையினூடே சிரித்துவிட்டாள். செபெரினாவுக்கு ஜென்மத்தில் சுருதி சேர்ந்ததில்லை. கோயிலில் அவள் பக்கத்து இடம் எப்போதும் காலியாகவே கிடக்கும்.

சாகக் கிடப்பவர்களுக்கு அவர் பாடும் அதே பாட்டை அவள் எடுத்தாள். முதல் அடியிலேயே எங்கோ தடம் புரண்டது. எவாரிஸ்தோவின் விரல்கள் அங்கே போயின. அவள் இறங்கினால் இறங்கினார், திணறினால் நிதானித்தார். அவர் அழுதார், அதை மறைக்கவும் இல்லை. இத்தனை வருஷத்தில் அவருக்காக ஒருவர் பாடியது அதுதான் முதல் தடவை.

இரண்டாவது அடியின் நடுவில் அவளுக்கு மூச்சு வாங்கியது, நிறுத்தினாள். அவள் மறுபடி எடுக்கட்டும் என்று எவாரிஸ்தோ தந்தியை விடாமல் மீட்டிக்கொண்டிருந்தார். அவள் கண்களை மெல்சோர் மூடிய பிறகும் மீட்டிக்கொண்டிருந்தார்.