கோழிக்கூண்டுக்குப் போன இஞ்சின்

எங்கள் கார் புகைவிடத் தொடங்கியது, நாட்டுக்குச் சுதந்திரம் வரப்போகிறது என்று மலாக்கா முழுவதும் பேசிக்கொண்டிருந்த சமயத்தில். வெள்ளைக்காரத் துரைமார் ஒவ்வொருவராகக் கப்பலேறிக்கொண்டிருந்தார்கள். அப்படிக் கிளம்பிய ஒரு தோட்டத்துத் துரையிடம்தான் என் கணவர் அதை வாங்கியிருந்தார். அவர் பண்டார் ஹிலிரில் ஓர் ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி, நான் புக்கிட் காதிலில் பள்ளி ஆசிரியை. காலையில் என்னை இறக்கிவிட்டுவிட்டு அவர் வேலைக்குப் போவார். மேடு ஏறும்போது பின்னால் நீலப்புகை எழும்பும். பிள்ளைகள் அந்தப் புகையைப் பார்த்தே, "டீச்சர் வராங்க" என்று வகுப்புக்குள் ஓடுவார்கள்.

"ஏங்க, யார்கிட்டயாவது காட்டுங்களேன்" என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்தது. அவர் வாரம் ஒரு டின் எண்ணெய் ஊற்றியதோடு சரி.

கிளேபாங்கிலிருந்த அவருடைய அண்ணன் லோரி ஓட்டுகிறவர். அதனால் கார் விஷயத்தில் அவர் சொன்னதுதான் சட்டம். ஒரு தடவை புகையைப் பார்த்தார். "இஞ்சின் செத்துப்போச்சுடா. வேற இஞ்சின் தூக்கிப் போட்டுரு. ஒரு நாள் வேலைலா" என்றார்.

காஜா பெராங்கில் எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி ஒரு மெக்கானிக் இருந்தார். மலாக்கா செட்டி, பல தலைமுறைக்கு முன்பே இங்கு வந்து ஊறிவிட்ட தமிழ் வம்சம். நெற்றி நிறைய திருநீறு, பேச்சு முழுக்க மலாய். நானே போய் அவரைக் கூட்டிவந்தேன். அவர் பிளக்குகளைக் கழற்றி, அந்தத் துளைகளில் ஒவ்வொன்றாக அழுத்தம் அளக்கும் ஒரு மீட்டரை வைத்து இஞ்சினைச் சுழற்றினார். முள் பாதிக்குமேல் ஏறவில்லை. உடனே என்னிடம் ஒரு கரண்டி கேட்டார். துளைக்குள் கொஞ்சம் எண்ணெய் விட்டு மறுபடி சுழற்றினார். முள் சட்டென்று மேலே போனது.

"பார்த்தீங்களா, சிக்கு" என்றார். ஆசிரியை என்பதால் என்னை அப்படித்தான் கூப்பிடுவார். "எண்ணெய் இடைவெளியை அடைச்சதும் அழுத்தம் ஏறுது. அப்போ பிஸ்டன் ரிங்தான் தேய்ஞ்சிருக்கு. தேய்ஞ்சதை மாத்தலாம். பிளாக், அதான் இஞ்சினோட உடம்பு, அது வெடிச்சிருந்தாத்தான் இஞ்சினைத் தூக்கிப் போடணும். ரெண்டு வாரம் விடுங்க, திறந்து பார்க்கிறேன்." அவர் மலாயில் சொன்னது எனக்குத் தெளிவாகப் புரிந்தது. பக்கத்தில் நின்ற என் கணவருக்குப் புரிந்தது 'ரெண்டு வாரம்' மட்டும்தான்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் லோரியில் ஓர் இஞ்சினோடு வந்து இறங்கினார். எங்கேயோ மோதி நொறுங்கிய காரிலிருந்து கழற்றியதாம். நான் மறுபடி கூட்டிவந்த மெக்கானிக் அதன் அடிப்பக்கத் திருகைக் கழற்றினார். வடிந்த எண்ணெய் பால் ஊற்றிய தேநீர் நிறத்தில் இருந்தது. "தண்ணி கலந்திருக்கு. உள்ளே எங்கேயோ வெடிப்பு. நான் மாட்டமாட்டேன்" என்றார்.

"மழையில கெடந்துச்சு, அதான். அவனுக்கு என்னா தெரியும்?" என்றார் அண்ணன்.

நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்தார். மறுநாளே கிளேபாங்கில் வேறொரு பட்டறையில் அந்த இஞ்சின் ஏறிவிட்டது. பழையது அண்ணன் வீட்டுக்குப் போனது.

மூன்றாம் வாரம் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பினோம். பட்டுப்புடவை, தலை நிறைய பூ, மடியில் சீர்த்தட்டு. பாதி வழியில் முன்பக்கமிருந்து வெள்ளையாக ஆவி கிளம்பியது. உள்ளே ஏதோ 'டொக் டொக்'கென்று அடித்துவிட்டு வண்டி நின்றது. என் கணவர் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு அரைமணி நேரம் உற்றுப் பார்த்தார்.

"இப்ப என்ன தெரியுது?" என்று கேட்டேன்.

"கொஞ்சம் சூடாயிருக்கு."

நான் தட்டைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். எதிரே ஒருவர் மிதித்து வந்த திரிஷா வண்டியை நிறுத்தி ஏறி, தனியாகவே கல்யாணத்துக்குப் போனேன். தாலி கட்டி முடிந்திருந்தது. "வீட்டுக்காரர் எங்கே?" என்று கேட்டவர்களிடம் எல்லாம், "சூடு ஆறிக்கிட்டு இருக்கார்" என்றேன்.

அடுத்த நாள் பள்ளிக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, மெக்கானிக்கையும் ஒரு கைவண்டிக்காரரையும் கூட்டிக்கொண்டு கிளேபாங்குக்குப் போனேன். எங்கள் பழைய இஞ்சின் கோழிக்கூண்டில் கிடந்தது. மேலே ஒரு பெட்டை அடைகாத்துக்கொண்டிருந்தது. அண்ணன், "அத எடுத்து என்னா செய்யப்போற?" என்றார். நான் கோழியை முட்டைகளோடு ஒரு கூடைக்கு மாற்றினேன்.

பட்டறையில் இஞ்சினைத் திறந்ததும் மெக்கானிக் என் விரலைச் சிலிண்டரின் மேல் விளிம்பில் வைக்கச் சொன்னார். நகம் ஒரு படியில் தட்டியது. பிஸ்டன் ஏறி இறங்கித் தேய்த்த ஆழம் அது. "இவ்வளவு தேய்ஞ்சா வெறும் ரிங் போதாது. சுவரைக் கடைஞ்சு, பெரிய பிஸ்டன் போடணும்" என்றார். பிறகு மண்ணெண்ணெயில் பிளாக்கைக் கழுவித் துடைத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கீறல் ஒன்றுகூட இல்லை. "நல்ல பிளாக், சிக்கு. மத்ததெல்லாம் மாத்திக்கலாம்."

சொன்னபடி இரண்டே வாரம். கார் மேட்டில் புகையில்லாமல் ஏறியது. நான் வருவது தெரியாமல் முதல் நாள் ஒரு வகுப்பே பிடிபட்டது.

அதன்பிறகு அது ஐந்தாறு வருஷம் ஓடியது. ஒரு தீபாவளிக்கு அண்ணன் எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, முறுக்கைக் கடித்துக்கொண்டு, வந்திருந்தவர்களிடம் சொன்னார்: "பிளாக் நல்லா இருந்துச்சுன்னா இஞ்சின மாத்தவே கூடாது. இவன்கிட்ட நான் அப்பவே சொன்னேன்லா."

என் கணவர் ஆமாம் என்று தலையாட்டினார்.

நான் சமையலறைக்குப் போய், கழுவி வைத்திருந்த பாத்திரங்களையெல்லாம் மறுபடி எடுத்து, முடிந்தமட்டும் சத்தமாக அடுக்கினேன்.